கடைசியில் வரும் நகை

ஒரு வீட்டில் கஷ்டம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்காரரை விசாரிக்க வேண்டியதில்லை. என்ன நகை வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். முதலில் வருவது ஆரம். கல்யாணம், காதுகுத்து என்றால் போட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் பெட்டியில் கிடப்பது. அது வெளியே போனால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அடுத்து நெக்லஸ், வளையல். பிறகு ஆண்பிள்ளையின் மோதிரம், குழந்தையின் காப்பு. ஜிமிக்கியும் மாட்டலும் அதற்கப்புறம். தோடு வந்துவிட்டால் வீட்டில் அரிசி யோசனை தொடங்கிவிட்டது என்று பொருள். துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, முந்தானையைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகுதான் தாலிச் செயின். அப்புறம் தாலியோடு கோத்த குண்டு, காசு ஒவ்வொன்றாக. கடைசியில் தாலி.

புதுச்சேரி சாரத்தில், காமராஜர் சாலைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருந்தவன் நான். ஜனங்கள் 'அப்ரைசர்' என்பார்கள். வயதானவர்கள் 'பத்தரே' என்பார்கள். வங்கியில் எனக்கு நாற்காலி உண்டு, சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கடனுக்கும் கடன்காரர் தரும் சிறு கட்டணம்தான் வருமானம். ஊரில் கஷ்டம் கூடினால் எனக்கு வரும்படி கூடும். இந்தத் தொழிலின் அசிங்கம் இது. சொல்லாமல் விட்டால் நான் எழுதும் மற்றதெல்லாம் உபதேசம் போலத் தோன்றும்.

என் அப்பா பட்டறை ஆசாரி. வீட்டுத் திண்ணையிலேயே உமி ஓடு, ஊதுகுழல், கம்பிப் பலகை. தாலி செய்யச் சொல்லி வந்தால் வெற்றிலை பாக்கோடுதான் பொன்னை வாங்குவார். நாள் பார்த்து, குளித்து, காமாட்சி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் உருக்குவார். அன்றைக்கு வேறு வேலை தொட மாட்டார். அவசரத்துக்கு அக்கம்பக்கத்தில் சிறு நகைகளை வைத்துக்கொண்டு பணம் கொடுப்பதும் உண்டு. ஆனால் தாலி வந்தால் தராசையே எடுக்க மாட்டார். "நான் செஞ்சு குடுத்ததை நானே நிறுத்து வாங்கவா?" என்பார். பணம் இருந்தால் சும்மா கொடுத்து அனுப்புவார், இல்லையென்றால் இல்லை என்று விடுவார். வங்கி மேசையில் எனக்கு அந்தச் சலுகை இல்லை. எது வந்தாலும் உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டு, மாற்று ஊசியோடு ஒப்பிட்டு, மொத்த எடையில் கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை எழுத வேண்டும். தாலியில் கழிப்பது வேறு வகை. உருக்களுக்கு நடுவில் பல வருஷத்து மஞ்சளும் குங்குமமும் இறுகியிருக்கும். ஊசியால் நெம்பினால் பொடிப்பொடியாக உதிரும். அதை நான் கீழே தட்டிவிட மாட்டேன். ஒரு தாளில் மடித்து அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடுவேன். வங்கி விதியில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கடவுள் நம்பிக்கை இருந்தால் வறுமையிலும் குடும்பம் உடையாது என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மனைவியின் வளையலைத் திருட்டுத்தனமாக வைக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவரை குடும்பத்தைப் பிடித்து நிறுத்தியது மனசுக்குள் இருக்கும் பக்தி அல்ல. அந்தப் பக்தி வெளியே போட்டு வைத்திருக்கும் முறை. எதை எப்போது வைக்கலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நாளில் பணம் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்கிற ஒழுங்கு. அது கஷ்டத்தைக் குறைக்கவில்லை. கஷ்டம் வரும்போது யார் யாரிடம் எதைச் சொல்லியாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நகை வைக்க வருகிறவர்கள் குறைவு; லட்சுமியை வெளியே அனுப்பக்கூடாது. செவ்வாயும் அப்படித்தான். ஆகவே திங்களும் வியாழனும் கூட்டம். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் மீட்க வருகிறவர்கள். வட்டிக் கடைக்காரருக்கு இது வியாபார நுணுக்கம். எனக்கு வேறொன்று தெரிந்தது. திங்கள் இரவு புருஷன் அவசரம் என்று கேட்டால், நாளைக்குச் செவ்வாய், தரமாட்டேன் என்று மனைவி சொல்லலாம். உன்மேல் நம்பிக்கையில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் கழிந்தால் பாதி அவசரங்கள் காணாமல் போய்விடும். சாமியைச் சாக்காக வைத்து இப்படித் தப்பிய சவரன்கள் இந்த ஊரில் நிறைய.

ஆடி பதினெட்டும் ஒரு சாக்கு. அன்றைக்குச் சரடு மாற்றுவது வழக்கம். தாலிச் செயினை வைக்க வேண்டி வந்த பெண்கள் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். பெருக்கன்று செயினிலிருந்து தாலியை இறக்கி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். யாராவது கேட்டால், "ஆடிக்குக் கயிறு மாத்தினேன், அப்படியே உட்டுட்டேன்" என்று பதில் தயார். அந்தப் பதிலைக் கேட்கிறவளும் ஒருநாள் அதையே சொன்னவளாக இருப்பாள். மேற்கொண்டு கேட்க மாட்டாள். ஏழைக்கு இந்த அளவுக்குக் கௌரவமான ஒரு மறைப்பை எந்த அரசுத் திட்டமும் கொடுத்ததில்லை.

தாலியையே வைப்பது வேறு. அதற்கு முன்னால் ஒரு துண்டு விரலி மஞ்சளைக் கயிற்றில் கட்டி, கோயிலில் அம்மன் முன் நின்று அதைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகே பொன் தாலி கழுத்தை விட்டு இறங்கும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. மஞ்சளைக் கட்டுவது பெரும்பாலும் புருஷன்தான். அதாவது, பணமில்லாத அந்த மனிதர் இரண்டாவது முறையாகத் தாலி கட்ட வேண்டியிருக்கிறது, இந்த முறை வேலையில்லாதவராக. என் மேசைக்கு வரும்போது இருவர் முகமும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் இருவரும் வருவார்கள். நான் முப்பது வகை நகைகளை ஒற்றை ஆள் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். தாலிக்கு மட்டும் ஜோடியாக வருவார்கள்.

வீடு உடைந்தது எங்கே என்று கேட்டால், வளையலில்தான். சிதம்பரம் கவரிங் அவ்வளவு நேர்த்தி. அதே டிசைனில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு அசலைக் கொண்டுவந்துவிடலாம். புருஷன் வைப்பான், சீட்டாட்டத்துக்கோ ஆன்லைன் ரம்மிக்கோ. மனைவியும் வைப்பாள், தன் தம்பிக்காக. ஆறு மாதம், ஒரு வருஷம் தெரியாது. தங்கை கல்யாணத்துக்குப் போட எடுக்கும்போது கை கறுக்கும். ஏல நோட்டீஸைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் விஷயம் தெரிந்த வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் தொகை பெரிதாக இருக்காது. முப்பதாயிரம், நாற்பதாயிரம். லட்சக்கணக்கில் கடனிருந்தும் ஒன்றாக இருந்தவர்கள் இந்த முப்பதாயிரத்தில் பிரிந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் தங்கம் சேர்ந்த கதையும் கரைந்த கதையும் மில் கதைதான். முதலியார்பேட்டையில் 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையை ஊர் 'ரோடியர் மில்' என்றே சொல்லிப் பழகியது, பிற்பாடு ஏ.எஃப்.டி. அதோடு சுதேசி, பாரதி மில்கள். 1936 ஜூலை 30-ஆம் தேதி பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. அந்த எட்டு மணி நேரமும் மாதச் சம்பளமும் தீபாவளி போனஸும் சேர்ந்துதான் மில்காரர் வீட்டுப் பெண்ணின் கழுத்துக்குப் பவுனைக் கொண்டுவந்தன. அப்பாவின் பட்டறையில் போனஸ் மாதம் என்று ஒரு மாதம் தனியாக உண்டு.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கரை கடந்தது. ஏ.எஃப்.டி.க்கும் பலத்த அடி. ஏற்கெனவே இளைத்திருந்த ஆலை பிறகு எழுந்திருக்கவில்லை. 2013-இல் லே-ஆஃப், வேலையில்லாமல் பாதிச் சம்பளம். அதுவும் மாதாமாதம் வராது. போராட்டம் நடந்தால் மொத்தமாக வரும். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடல். இந்தத் தேதிகளை நான் செய்தித்தாளைப் பார்க்காமலே சொல்வேன், மேசைக்கு வந்த நகைகளின் வரிசை அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தது. புயலுக்குப் பிறகு ஆரங்கள். லே-ஆஃப் தொடங்கியதும் வளையல்கள். இரண்டு வருஷம் கழித்துத் தோடுகள்.

பாதிச் சம்பளம் முழு வேலையின்மையைவிடக் குடும்பத்துக்குக் கெடுதல் என்பது என் எண்ணம். முழுசாகப் போய்விட்டால் வேறு வேலை தேடுவான். பாதி வந்துகொண்டிருந்தால் நாளைக்கு மில் திறக்கும் என்று உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கள் ஊரில் சாராயக் கடை தூரமில்லை.

அப்படி ஒரு வீடு. தறி ஓட்டியவர் அவர். மனைவி ஒரு 'சொல்தா' வீட்டில் சமையல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, பிரான்சு பென்சன் வாங்குகிற குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு யூரோ வரும், எதிர்வீட்டுக்குப் பாதிச் சம்பளம்கூட வராது. புதுச்சேரியின் விசித்திரம் இது. அந்த அம்மாளின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அரிசி டப்பாவில் ஒளித்தால் புருஷன் எடுத்துவிடுவார், அலமாரித் துணிக்கடியில் வைத்தால் எடுத்துவிடுவார். கடைசியில் அந்த அம்மாள் கண்டுபிடித்த பெட்டகம் திருப்பதி உண்டியல். மஞ்சள் துணியில் முடிந்து, பெருமாள் படத்துக்குக் கீழே ஒரு எவர்சில்வர் செம்பில் வைத்திருந்தார். எத்தனை போதையில் வந்தாலும் அதில் மட்டும் புருஷன் கை வைக்கவில்லை. "பெருமாள் துட்டு, தொட்டா கை விளங்காது" என்று அவர் அம்மா சின்ன வயதில் சொல்லி வைத்திருந்த பயம். பள்ளிக்கூட பீஸ், கேஸ் சிலிண்டர் எல்லாம் அந்தச் செம்பிலிருந்துதான் நடந்தன.

"அப்போ பெருமாளுக்குச் சேர்த்ததை நீங்க எடுக்கறது?" என்று கேட்டேன்.

"எடுக்கல பத்தரே, கடனா வாங்கறேன். சீட்டு எழுதி உள்ள போட்டுட்டுத்தான் எடுப்பேன். எவ்ளோ எடுத்தேன், எந்தத் தேதி, எல்லாம் இருக்கு. வட்டியும் போட்டுத் திருப்பிடுவேன்."

"வட்டி எவ்வளவு?"

"அவரு கேக்கல. நானா நூத்துக்கு ஒரு ரூபா."

வங்கிப் பேரேட்டைவிட ஒழுங்கான கணக்கு அது. அந்த வீட்டுக்குக் கடன் கொடுத்தவர்களில் ஏலம் விடாதவர், வாசலில் நின்று கத்தாதவர் பெருமாள் ஒருவர்தான். ஆனால் அவருக்குத்தான் முதலில் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த மனிதர் ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். பக்தியா, மைத்துனனின் வற்புறுத்தலா தெரியாது. ஒரு மண்டலம் குடி இல்லை, காலில் செருப்பு இல்லை, வீட்டில் அதட்டல் இல்லை. எல்லோரும் 'சாமி' என்று கூப்பிடும்போது கையை ஓங்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களின் வீட்டுப் பெண்கள் வட்டி கட்ட வருவதை நான் வருஷாவருஷம் கவனித்திருக்கிறேன். தை பிறந்ததும் பலர் பழைய நிலைக்குப் போய்விடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இவர் போகவில்லை, இரவுக் காவல் வேலைக்குப் போனார். ஐயப்பன் மாற்றினார் என்று அவர் மனைவி சொன்னார். குடிக்காமல் இருக்க முடியும் என்று நாற்பத்தொரு நாள் பார்த்துக்கொண்டது மாற்றியது என்று நான் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

புதுச்சேரியில் தாலி இந்துக்களுடையது மட்டுமல்ல. கத்தோலிக்கர் தாலியில் சிலுவை இருக்கும், சிலவற்றில் பரிசுத்த ஆவியைக் குறிக்கும் புறா. இந்த உருவுக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது, அதுவும் இந்த ஊரில் நடந்த வழக்கு. 1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராக தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். பின்னாளில் கர்தினாலும் ஆனவர். 1704 ஜூனில் அவர் போட்ட ஆணையில், கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி அணியக்கூடாது என்று ஒரு விதி. மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைச் சரடுக்கும் தடை. வேண்டுமானால் சிலுவையோ மாதா உருவமோ போட்டுக்கொள்ளலாம். ஏசு சபையார் எதிர்த்தார்கள்; ரோமாபுரிக்கும் புதுச்சேரிக்கும் நாற்பது வருஷம் கடிதம் போனது, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொல்லும்வரை. ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை: தாலியே வேண்டாம் என்றால் என்ன? அதைச் சொல்லியிருந்தால் ஒரு பெண்கூடக் கேட்டிருக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலும். என் தராசில் சிலுவைத் தாலிக்கும் பொட்டுத் தாலிக்கும் ஒரே மரியாதை, ஒரே மாற்று.

ஒரு கத்தோலிக்க அம்மாள். கணவருக்குக் கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. (எங்கள் பேட்டையின் பெயரே கட்டடத்துச் சாரத்துக்கும் இருப்பதால் ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டபோதெல்லாம் குழப்பம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.) தாலியைக் கழற்றியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டார். மஞ்சள் துண்டு அவர்கள் வழக்கமில்லை. "மாதா காவலுக்கு இருக்காங்க" என்றார். வில்லியனூர் லூர்து மாதாவுக்கு நடந்தே வருவதாக வேண்டுதல். பங்கில் இருந்த வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வீட்டுக்குப் போவார்கள். அதுதான் அவர்கள் முறை. அரிசியும் மருந்தும் கொடுத்தார்கள். ஆனால் அந்த அம்மாள் அதைவிடப் பெரிதாகச் சொன்னது வேறு: "வாரா வாரம் ரெண்டு பேரு வந்து அவரு பக்கத்துல உக்காந்து பேசிட்டுப் போறாங்க. படுத்துக்கிட்டே இருக்கற ஆம்பளை என்கிட்ட மட்டும் பேசினா என்னைத்தான் கடிப்பாரு." வறுமையில் வீடு தனிமைப்படுவது பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முஸ்லிம் குடும்பங்களில் எனக்கு மறக்க முடியாதவர் ஒரு பெரியவர், பெரிய மார்க்கெட்டில் சின்ன வியாபாரம். மகள் பிரசவச் செலவுக்கு மனைவியின் நாலு வளையலோடு வந்தார், 2005 வாக்கில். சவரன் ஐயாயிரம் ரூபாய் அளவில் இருந்த காலம். எடை போட்டுச் சொன்னேன். வட்டி விவரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், வளையல்களை எடுத்துத் துணியில் சுற்றினார். "வட்டி ஹராம், பத்தரே. வித்துடறேன்" என்றார். வட்டியில்லாமல் நகைக்குக் கடன் தரும் பைத்துல்மால்கள் தமிழ்நாட்டில் சில ஊர்களில் உண்டு. அவருக்கு அப்போது எட்டவில்லை. விற்றுவிட்டார்.

அவர் செய்தது நஷ்டமா லாபமா என்று நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். ஐம்பதாயிரம் கடனுக்குப் பன்னிரண்டு சதவீதம் என்றால் ஐந்து வருஷத்தில் முப்பதாயிரம் வட்டி. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்கிற கடையில் வைத்தால் அறுபதாயிரம், அசலைவிட அதிகம். வருஷாவருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துத் திருப்பி வைத்து, கடைசியில் நகையும் மூழ்கிப் போனவர்களை நினைத்தால் அந்தப் பெரியவர் கெட்டிக்காரர். ஆனால் 2020 ஆகஸ்டில் சவரன் 43,000-ஐத் தாண்டியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். தங்கத்தை வைத்து மார்க்கத்தின் சட்டத்துக்கு மார்க் போட முடியாது என்று விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் வீட்டில் நகை பற்றி அதற்குப் பிறகு ஒரு சண்டையும் இல்லை என்பதை மட்டும் அறிவேன். இல்லாத நகைக்கு எங்கே சண்டை.

சோதிடர்கள் மேல் எனக்கு மதிப்புக் குறைவு. கடன் தீர ஹோமம் செய்ய இன்னொரு நகையை வைத்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் 'மைத்ர முகூர்த்தம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதற்காக அவர்களை மன்னிக்கலாம். குறிப்பிட்ட நட்சத்திரமும் லக்னமும் கூடும் நேரத்தில் கடனின் அசலில் ஒரு சிறு பகுதியையாவது திருப்பிக் கொடுத்தால் முழுக்கடனும் சீக்கிரம் அடையும் என்பது நம்பிக்கை. பஞ்சாங்கத்தைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, நேரம் தவறாமல் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொண்டுவந்து "அசல்ல கட்டிக்குங்க" என்பார்கள். நகைக்கடனில் இடையிடையே அசலைக் கட்டலாம், கட்டினால் வட்டி குறையும் என்று வங்கியில் எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. பஞ்சாங்கம் சொன்னால் ஏறுகிறது. பரிக்கல், பூவரசன்குப்பம், சிங்கிரிகுடி மூன்று நரசிம்மரையும் ஒரே நாளில் சேவித்தால் கடன் தீரும் என்று வேன் பிடித்துப் போகிறவர்களுக்கும் கும்பகோணம் பக்கம் திருச்சேறைக்குப் பதினோரு திங்கட்கிழமை என்று நேர்ந்துகொள்கிறவர்களுக்கும் என் யோசனை ஒன்றுதான்: போய்விட்டு வரும் வழியில் நூறு ரூபாயாவது அசலில் கட்டிவிடுங்கள், நரசிம்மர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பக்தி வீட்டைக் கெடுக்கவும் செய்யும். கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி என்று ஒரு தொகை போடுவார்கள். ஏழை வீட்டுக்கும் அதே தொகை. கொடுக்காவிட்டால் கோயில் மரியாதை இல்லை, கல்யாணத்துக்குத் தாம்பூலம் வராது. இதற்காகக் குழந்தையின் காப்பை வைத்தவர்கள் உண்டு. ஆடியில் கூழ் ஊற்றுவது, பிள்ளைக்குக் காது குத்துவது என்று பேனர் அடித்து ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டுவிட்டு, மறுவாரம் மொய்ப்பணத்தைத் தாண்டின செலவுக்கு ஆரத்தோடு வருவார்கள். வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஆடி ஐந்தாம் வெள்ளியில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். கவர்னருக்கு அதில் செலவில்லை. நமக்குத்தான் ஒவ்வொரு திருவிழாவிலும் கவர்னர் ஆகும் ஆசை.

விழுப்புரம் பக்கத்திலிருந்து சாரத்துக்கு வாழ வந்த மருமகள்கள் 2011-க்குப் பிறகு ஒரு புது நகையைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு அரசு தாலிக்குத் தங்கம் என்று கொடுத்த நாலு கிராம் காசு. 2016-க்குப் பிறகு எட்டு கிராம். உரைக்கவே தேவையில்லாத சுத்தம். கல்யாணத்துக்கு முன்னால் கைக்கு வந்து தாலியானவை சில. கல்யாணம் முடிந்தபின் வந்து காசாகவே இருந்துவிட்டவைதான் அதிகம். உருவேறாத காசு என்பதால் அதை வைக்கக் கூச்சமில்லை, மஞ்சள் துண்டும் வேண்டாம். அரசு கொடுத்த தாலித் தங்கம் கஷ்டத்தில் முதலில் வெளியே வந்தது. ஆசாரி அடித்த தாலி கடைசிவரை நின்றது.

தாலிகள் ஏலத்துக்குப் போவது அபூர்வம். மூழ்கியவை பெரும்பாலும் ஆரம், வளையல், மோதிரம். கடைசியில் வைப்பதை முதலில் மீட்டுவிடுவார்கள். புருஷனின் சகோதரி கடன் கொடுப்பாள், மில்காரர் கிராஜுவிட்டி முன்பணம் கேட்பார், மாமியார் தன் மூக்குத்தியைக் கழற்றுவாள். வங்கியில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் யாருமில்லை. அவர்கள் கணக்கில் எல்லாம் கிராம்தான். தாலிக்குக் கொடுத்த கடன்போல் பத்திரமான கடன் வேறில்லை என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்தால் தாலி கொண்டுவா என்று விளம்பரம் செய்வார்கள் என்பதால் நானாகச் சொல்லவில்லை.

கொரோனா வருஷத்தில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் வரம்பை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90-க்கு ஏற்றியது. விலையும் உச்சம். கம்மலுக்கே முன்பு வளையலுக்குக் கொடுத்த பணம் கிடைத்தது. தாலி வருவது அதனாலேயே குறைந்தது. காரட் மீட்டரும் வந்துவிட்டது. உரைகல்லை நான் பழக்கத்துக்காக வைத்திருந்தேன்.

இடையில் என் மேசைக்கு வந்திருந்த அந்தத் தறிக்காரர் வீட்டுத் தாலி திரும்பியது அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. இருவரும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வாங்கிவிடத் திட்டம். கம்ப்யூட்டர் அன்றைக்குப் பார்த்து ஊர்ந்தது. பணம் கட்டி, கணக்கு முடித்து, இரண்டு அதிகாரிகள் சேர்ந்து பெட்டகத்தைத் திறந்து பையை எடுத்துவரும்போது மணி பத்து முப்பத்தைந்து.

"பன்னெண்டுக்கு மேல குடுங்க சார்" என்றார் அந்த அம்மாள்.

மேனேஜர் வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். கணக்கு முடிந்த நகையைத் திரும்பப் பெட்டகத்தில் வைக்க விதி இடம் கொடுக்காது. வெளியே வைத்திருக்கவும் முடியாது. கடைசியில் பை என் மேசையில், இரண்டு அதிகாரிகளின் கண்ணெதிரே, ஒன்றரை மணி நேரம் இருந்தது. புருஷன் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். பன்னிரண்டு அடித்ததும் அந்த அம்மாள் பையை வாங்கி, பிரித்து, குண்டுகளை எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். பிறகு கைப்பையிலிருந்து வளையல் ஜோடியை எடுத்து என்னிடம் காட்டினார்.

"இதுக்கு எவ்ளோ வரும் பத்தரே? பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்."

தொகையைச் சொன்னேன். மேனேஜர் ஆர்வமாகப் படிவத்தை எடுத்து நீட்டினார். வந்த வாடிக்கையாளரை விடக்கூடாதல்லவா. அந்த அம்மாள் வளையல்களைத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம வைக்கக் கூடாது சார். திங்கக்கெழம வர்றேன்."

"திங்கட்கிழமை ராகு காலம் எப்போது?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

ஏழரையிலிருந்து ஒன்பது, வங்கி திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றேன். அவர் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.